மொட்டைமாடி மின்சார முதலாளி

மனித குலத்தில் புதிதாக ஒரு கிளை முளைத்திருக்கிறது. கீழே தேடாதீர்கள், மேலே பாருங்கள். மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், தலையில் தொப்பியும் ஒரு கையில் ஈரத் துணியும் மறு கையில் செல்போனுமாக, வானத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவர் நிற்கிறாரே, அவர்தான். அவருக்கு முன்னால் சாய்வாகப் படுத்திருப்பவை சோலார் பலகைகள். பின்னால் ஈரத் துணி வாளியோடு நிற்பவர் அவர் மனைவி. கொடி கட்டியிருந்த இடத்தைப் பலகைகள் பிடித்துக்கொண்டதிலிருந்து அந்த அம்மாள் வாளியோடு அப்படித்தான் நின்றுகொண்டிருக்கிறார்.

மொட்டைமாடி மின்சார முதலாளி என்று இந்த இனத்துக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். எங்கள் தெருவுக்கு அவ்வளவு நீளப் பெயரைச் சொல்லப் பொறுமை கிடையாது. ‘பவர்ஹவுஸ்’ என்று சுருக்கிவிட்டார்கள். நான் எதிர்வீட்டுக்காரன். என் கூரையில் பலகை இல்லை. அவர் கூரையில் இருப்பது காலை வெயிலில் பளபளத்து, என் சமையலறை ஜன்னல் வழியாக வந்து கண்ணைக் குத்துகிறது. ஆகவே அவரைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு.

இந்த இனத்தைக் கண்டுபிடிப்பது மிகவும் சுலபம். “சௌக்கியமா?” என்று கேட்டுப் பாருங்கள். சாதாரண மனிதர் முழங்கால் வலியைச் சொல்வார், மருமகன் செய்த அநியாயத்தைச் சொல்வார். நம்மவர் செல்போனை எடுப்பார். “காலையில கொஞ்சம் மந்தமா இருந்துச்சு. பத்து மணிக்கு மேல பிச்சுக்கிட்டு ஏறுது, பாருங்க” என்பார். ஏறுவது ரத்த அழுத்தமோ என்று நீங்கள் பதறிப்போய்ப் பார்த்தால், திரையில் ஒரு மஞ்சள் கோடு மலையேறிக்கொண்டிருக்கும். அது அவர் கூரையில் இந்த நிமிடம் விளைந்துகொண்டிருக்கும் மின்சாரம். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அந்தக் கோட்டோடு சேர்ந்து அவரும் ஏறுவார், இறங்குவார்.

மேகம் வந்தால் தீர்ந்தது. நமக்கெல்லாம் மேகம் என்றால் காயப்போட்ட துணியை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அவருக்கு அது வேண்டுமென்றே செய்கிற வேலை. ஊரில் இத்தனை கூரை இருக்க, இது மட்டும் ஏன் என் கூரைக்கு நேர் மேலே வந்து நின்று வேடிக்கை பார்க்கிறது? அந்த நேரம் பார்த்து நீங்கள் தெருவில் போனால், அதை அனுப்பிவைத்ததே நீங்கள்தான் என்பதுபோல் மேலிருந்து ஒரு பார்வை விழும். ஒதுங்கிப் போய்விடுவது நல்லது.

துக்கம் விசாரிக்கப் போன இடத்திலும் அவர் கை பைக்குள் போகும். ஒரு பெரியவர் தவறிப்போன வீட்டில், “எத்தனை மணிக்கு ஆச்சு?” என்று தணிந்த குரலில் கேட்டார். நேற்று மத்தியானம் ஒரு மணி என்றார்கள். நம்மவர் செல்போனைத் திறந்து நேற்றைய கோட்டைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. “நல்ல உச்சி வெயில்ல போயிருக்காரு. ஒரு யூனிட் குறையல. கொடுத்துவெச்ச மனுஷன்” என்றார். அந்த வீட்டார் இன்றைக்கும் அதை ஆறுதல் என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒருநாள் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர், மேலே சுற்றும் மின்விசிறியைப் பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“நல்லா சுத்துதா?”

“சுத்துதே.”

“நான்தான்.”

“நீங்கதான்னா?”

“எனக்குப் போக மிச்சம் லைன்ல போகுதுல்ல? லைன்ல அடுத்த வீடு எது? உங்க வீடு. அப்ப உங்க ஃபேனை ஓட்டுறது யாரு?”

நன்றி சொன்னேன். வேறு என்ன செய்ய முடியும்? பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவின் மெஷினையும் அவர்தான் ஓட்டுகிறாராம். அந்த அம்மாள் வைத்திருப்பது காலால் மிதிக்கிற மெஷின் என்று நான் சொல்லவில்லை. சந்தோஷமாக இருக்கிற மனிதரை எதற்காகக் கீழே இறக்கிவிட வேண்டும்?

அவர் சந்தோஷத்துக்கு ஆணிவேர் ஒரு பூஜ்யம். கல்யாண போட்டோவுக்கும் மகள் பட்டம் வாங்கிய போட்டோவுக்கும் நடுவில், லேமினேட் செய்து மாட்டப்பட்டிருந்தது முதல் பூஜ்ய பில். விருந்தாளிகள் முதலில் அதைப் பார்க்க வேண்டும், பிறகுதான் தண்ணீர். பழைய கட்டண முறை அப்படி இருந்தது. பகலில் அவர் லைனில் விடும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் பதிலாக, இருட்டியபின் ஒரு யூனிட்டை லைனிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மாதக் கடைசியில் கொடுத்ததும் வாங்கியதும் சரிக்குச் சரி. “பேட்டரி வேணாமா?” என்று யாராவது கேட்டால், “லைன்தான் என் பேட்டரி” என்று சிரிப்பார்.

சரி, கம்பம் நடுவது, கம்பி இழுப்பது, காற்றில் அறுந்தால் கட்டுவது, பொழுது சாய்ந்ததும் எங்கெங்கிருந்தோ மின்சாரத்தை வரவழைத்து இவர் வீட்டு ஏசிக்கு ஊற்றுவது, இதற்கெல்லாம் ஆகிற செலவு எங்கே போயிற்று? வேறு எங்கே போகும்? கூரையில் பலகை இல்லாத அப்பாவிகளின் பில்லில் சத்தமில்லாமல் ஏறி உட்கார்ந்துகொண்டது. “நான் யாரையும் நம்பி இல்ல, சொந்தக் கால்ல நிக்கிறேன்” என்று அவர் சொல்லும்போதெல்லாம் என் தோள்தான் வலித்தது.

ஊருக்கு ஒரு பவர்ஹவுஸ் இருந்தவரை யாரும் கவலைப்படவில்லை. தெருவுக்குப் பத்து முளைத்தபோதுதான் தலைவலி தொடங்கியது. மத்தியானம் கேட்பாரில்லாமல் மின்சாரம் வழிந்தது. சாயங்காலம் அத்தனை முதலாளிகளும் ஒரே நேரத்தில் ‘கொடு, கொடு’ என்று கை நீட்டினார்கள். மின்வாரிய அலுவலகத்தில் யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்துப் புதிய கட்டணம் எழுதினார். பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோரும் கம்பிக்கு வாடகை தர வேண்டும். பகலில் லைனில் விடுவதற்குக் குறைந்த விலை. மத்தியானம் பன்னிரண்டிலிருந்து நாலு மணிவரை மின்சாரம் மலிவு. சாயங்காலம் ஆறிலிருந்து பத்துவரை யானை விலை, குதிரை விலை.

இதைப் பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறோம் என்று ஒரு கூட்டம் போட்டார்கள். போடலாமா? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். பவர்ஹவுஸ் மைக்கைப் பிடித்து, “சூரியன் உங்கப்பன் வீட்டுச் சொத்தா?” என்று தொடங்கினார். தொடங்கியவர் முடிக்கவில்லை. மைக்கை வாங்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்தபிறகும் மைக் இல்லாமலே தொடர்ந்தார். “இதை எழுதினவன் எவன்னு மட்டும் தெரியட்டும்” என்பதுதான் அன்று முதல் அவருக்குக் காலை வணக்கம், இரவு வணக்கம் எல்லாம்.

சில மாதம் கழித்துக் கட்டணம் அமலுக்கு வந்தது. திட்டிக்கொண்டே அவர் செய்ததுதான் வேடிக்கை. அந்தக் கட்டணத்துக்கு அவரைப்போல அடிபணிந்த பக்தன் ஊரில் இல்லை. துவைப்பது, அரைப்பது, வேகவைப்பது, வெந்நீர் வைப்பது எல்லாம் பன்னிரண்டிலிருந்து நாலுக்குள். ஆறு அடித்தால் வீட்டில் ஒரே ஒரு விளக்கு, அதன் கீழே மொத்தக் குடும்பம். அவர் மட்டும் மத்தியானமே சார்ஜ் ஏற்றிய டார்ச்சை நெற்றியில் கட்டிக்கொண்டு, சுரங்கத்தில் வேலை செய்பவர் மாதிரி அறை அறையாகப் போய் சுவிட்சுகளைச் சோதிப்பார். வாசலில் காலிங்பெல்லுக்குப் பக்கத்தில், ‘ஆறு மணிக்கு மேல் கதவைத் தட்டவும்’ என்று ஒரு அட்டை தொங்கியது.

“ராத்திரி சாப்பாட்டை நாலு மணிக்கே முடிக்கச் சொல்றாரு தம்பி. முடிச்சிடுறோம். ஏழு மணிக்குத் திரும்பவும் பசிக்குது. பசிக்குத் தெரியுமா ரேட்டு?” என்று அண்ணி, அதாவது அவர் மனைவி, என்னிடம் கேட்டார். எங்கள் வீட்டிலிருந்து கொஞ்சம் சாப்பாட்டை மூடி எடுத்துப் போய்க் கொடுத்தேன், கதவைத் தட்டித்தான்.

இப்படியாக ஊரே சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஒருத்திக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவர் மகள். பிசியோதெரபிஸ்ட். யார் கழுத்துப் பிடித்துக்கொண்டாலும் ஒரு திருப்பில் சரிசெய்துவிடுவாள். அவளுக்கும் ஒரு மருந்துக்கடைக்காரப் பையனுக்கும் மனசு ஒத்துப்போய், கல்யாணம் என்று முடிவு செய்திருந்தார்கள். நல்ல பையன். குறை சொல்ல ஒன்றுமில்லை, அவன் அப்பாவைத் தவிர.

“மாமா, அவங்கப்பா என்ன வேலைன்னு அப்பாகிட்ட ‘கவர்மென்ட் ஆபீஸ்’னு மட்டும் சொல்லியிருக்கேன்” என்று மகள் என் வீட்டுக்கு வந்து, குரலைத் தணித்துச் சொன்னாள்.

“எந்த ஆபீஸ்?”

“மின்வாரியம்.”

“அதுல?”

“கட்டணப் பிரிவு. அந்தப் பன்னிரண்டு மணி, ஆறு மணி எல்லாம்... அவர் எழுதினதுதான்.”

எனக்கு வந்த சிரிப்பு அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அவள் பயந்துபோயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பையனின் அப்பாவும் அம்மாவும் பார்க்க வருகிறார்கள். எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டு முடித்தபிறகு, தானே உண்மையைச் சொல்லிவிடுவதாக அவள் திட்டம். வயிறு நிறைந்தவனுக்குக் கோபம் வராது என்று யாரோ சொல்லியிருந்தார்களாம்.

“நீங்களும் வாங்க மாமா. அதுவரைக்கும் கரண்ட் பேச்சு வராம பாத்துக்கிட்டாப் போதும்.”

மீனிடம் தண்ணீர்ப் பேச்சு வராமல் பார்த்துக்கொள்கிற வேலை. ஒப்புக்கொண்டேன்.

சாயங்காலம் வரட்டும், காற்றாட உட்கார்ந்து பேசலாம் என்று அண்ணி சொன்னார். பவர்ஹவுஸ் அவரை மேலும் கீழும் பார்த்தார். “ஆறு மணிக்கு மேல எவனாவது புத்தியுள்ளவன் விருந்து வைப்பானா? மத்தியானம் வரச் சொல்லு. பன்னிரண்டு அடிச்சதும் மொத்த வீட்டையும் போட்டுக் காட்டுறேன். நம்ம வீடு எப்படிப்பட்ட வீடுன்னு அவங்களுக்குத் தெரியணும்.” விருந்தாளிகளுக்கு என்ன சமைப்பது என்று யோசிப்பவர்கள் உண்டு. எதையெல்லாம் ஓடவிடுவது என்று யோசித்தவர் அவர் ஒருவர்தான்.

அது புதிய கட்டணம் வந்தபிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. இதை நினைவில் வையுங்கள். மற்ற நாட்களில் மத்தியானம் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். அன்று எல்லோரும் வீட்டில். வாரம் முழுவதும் சேர்ந்த அழுக்குத் துணி எல்லோர் வீட்டிலும்.

சம்பந்தி ஆகப்போகிறவர்கள் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்பே வந்துவிட்டார்கள். அப்பா ஒல்லியாக, சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு, எதையும் அளந்து பார்க்கும் கண்ணோடு இருந்தார். அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பையன் வியர்த்துக்கொண்டிருந்தான். எல்லோருமே வியர்த்துக்கொண்டுதான் இருந்தோம், ஏனென்றால் மின்விசிறிகூட ஓடவில்லை.

“கொஞ்சம் பொறுத்துக்கங்க. இன்னும் மலிவு நேரம் ஆரம்பிக்கல. அதுவரைக்கும் விளையறதை லைனுக்கு வித்துக்கிட்டிருக்கேன். பன்னிரண்டு அடிச்சதும் ஏசி போட்டுர்றேன்” என்றார் பவர்ஹவுஸ், வெட்கமே இல்லாமல்.

பையனின் அப்பா முகம் மலர்ந்துவிட்டது. தான் எழுதிய கட்டணத்தை ஒரு குடும்பம் இத்தனை பயபக்தியோடு கடைப்பிடிப்பதை அவர் எங்கே பார்த்திருக்கப் போகிறார்? “ரொம்ப நல்ல பழக்கம்” என்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான் அவசரமாக வானிலை பற்றிப் பேசினேன். என்னைவிட முட்டாள் உண்டா? பவர்ஹவுஸிடம் வெயிலைப் பற்றிப் பேச்செடுத்துவிட்டேன். உடனே எல்லோரையும் மொட்டைமாடிக்கு ஏற்றி, பலகைகளைத் தட்டிக் காட்டி, “கரண்ட் போனா ஊருக்குத்தான் போகும். நமக்குப் போகாது. பட்டப்பகல்ல போகட்டுமே பார்ப்போம்!” என்று மார்தட்டி, எல்லோரையும் நன்றாக வறுத்தெடுத்துக் கீழே கூட்டிவந்தார்.

பிறகு ஆட்களை நிறுத்தினார். அண்ணி ஓவன் பக்கம், உள்ளே கேக் மாவு காத்திருக்கிறது. மகள் வாஷிங் மெஷின் பக்கம். வருங்கால மருமகனையும் விடவில்லை, வாட்டர் ஹீட்டர். என்னைத் தண்ணீர் மோட்டாருக்குப் போட்டார். அயர்ன் பாக்ஸ், ஸ்கூட்டர் சார்ஜர், ஏசி மூன்றையும் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டார். ஆக ஏழு. கடிகாரத்தைப் பார்த்து விரலை உயர்த்தினார். தெருவே என்னவோ அமைதியாக இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்வரிசையில் இருக்கும் பல் டாக்டர் தன் வீட்டுக் கூடத்தில் சுவரோரமாக, கையைச் சுவிட்சில் வைத்தபடி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்கு அடுத்த வீட்டு ஜன்னலிலும் ஒரு கை தெரிந்தது.

“போடு!” என்றார் பவர்ஹவுஸ்.

போட்டோம். ஊரே போட்டது. ஏசி ஒரு பெருமூச்சு விட்டது, மோட்டார் உறுமியது, விளக்குகள் எல்லாம் பளிச்சென்று எரிந்து நாங்கள் எல்லோரும் ஒரு நொடி அழகாகத் தெரிந்தோம். தெரு முனையில் டிரான்ஸ்பார்மர் இருக்கும் பக்கத்திலிருந்து ‘டமார்’ என்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. ஏசி தன் பெருமூச்சைத் திரும்ப இழுத்துக்கொண்டது.

பவர்ஹவுஸ் பதறவில்லை. சிரித்தார். “ஊருக்குப் போயிடுச்சு. இப்பப் பாருங்க நம்ம வீட்டை” என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பார்த்தோம். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வீட்டில் ஒரு ஈ அசையவில்லை. அவர் ஒரு சுவிட்சைத் தட்டினார், இன்னொன்றைத் தட்டினார், சுவரைத் தட்டினார். மாடிக்கு ஓடி, சூரியன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருக்கிறது என்ற செய்தியோடு இறங்கி வந்தார். செல்போனை எடுத்தார். மலையேறிக்கொண்டிருந்த மஞ்சள் கோடு தரையில் விழுந்து கிடந்தது. பூஜ்யம் என்றால் உயிரை விடுகிற மனிதர், முதல்முறையாக ஒரு பூஜ்யத்தைப் பார்த்து வெளிறிப்போனார்.

“லைன் செத்தா உங்க பலகையும் தானா நின்னுடும். அப்படித்தான் செய்வாங்க” என்றார் பையனின் அப்பா, பொறுமையாக. “நிக்கலேன்னா உங்க கரண்ட் கம்பியில ஓடி, கம்பத்துல ஏறி வேலை பாக்குறவர் உயிர் போயிடும். பலகை வைக்கும்போதே சொல்லியிருப்பாங்களே?”

சொல்லியிருப்பார்கள். அப்போது இவர் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்.

தோற்ற மனிதருக்குத் திட்ட ஒரு ஆள் வேண்டும். பவர்ஹவுஸுக்கு அது தயாராகவே இருந்தது. “எல்லாம் அந்தப் பன்னிரண்டு மணியைக் கண்டுபிடிச்சவனாலதான்! அந்த மடையன் மட்டும் என் கையில கிடைச்சான்னா...”

“கிடைச்சிருக்காரு. உங்க சோபாவுலதான் உக்காந்திருக்காரு” என்றார் கணக்கு டீச்சர், விசிறிக்கொண்டே.

இந்த மாதிரி நேரத்தில் எங்கே பார்ப்பது என்று யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. நான் லேமினேட் செய்த பில்லைப் பார்த்தேன்.

“நீங்க யாருன்னு எனக்கு வாசல்லயே தெரிஞ்சுபோச்சு. ‘சூரியன் உங்கப்பன் வீட்டுச் சொத்தா’ன்னு கேட்டவரு. மறக்குற குரலா அது? பிள்ளைங்களுக்காகப் பேசாம இருந்தேன்” என்றார் கட்டணக்காரர்.

“பேசாம எழுதினீங்களே! பன்னிரண்டுன்னு!”

“ஏழு மெஷினை ஒரே நொடியில போடச் சொல்லி எழுதினேனா?”

“மலிவுன்னா போடமாட்டானா மனுஷன்?”

“அட்டவணையில சராசரியாத்தான் வந்துச்சு. கொஞ்சம் பேரு பன்னிரண்டுக்கு, கொஞ்சம் பேரு ஒண்ணரைக்கு...”

“பாத்தா படிச்சவர் மாதிரி இருக்கீங்க!”

“பாத்தா பெரிய மனுஷன் மாதிரி இருக்கீங்க!”

“அப்பா” என்றாள் மகள். “அப்பா” என்றான் பையன். இரண்டு அப்பாக்களும் அவரவர் பிள்ளையைத் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டணக்காரர் எழுந்து, இரண்டு பேனாவையும் தொட்டுப் பார்த்துக்கொண்டு, “கிளம்பலாம். இந்த வீடு நமக்கு ஒத்துவராது” என்றார். பையன் அசையவில்லை. மகள் முகத்தில் ரத்தமே இல்லை. கண்ணில் நீர் வந்து நின்றது. இவளா ஊரார் கழுத்தைத் திருப்புகிறவள் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் வாசல் கதவை யாரோ தட்டினார்கள். ஒருவர் அல்ல, தெருவே திரண்டு வந்து தட்டியது.

பவர்ஹவுஸ் வெளியே போனார். நானும் பின்னாலேயே போனேன். பல் டாக்டர் கைலியில் நின்றார். தையல்காரம்மா செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் எல்லோருக்கும் முன்னால் வந்து, தெரு முழுவதையும் ஓரம் கட்டச் சொல்கிற குரலில் கேட்டார்.

“பவர்ஹவுஸ்! நீங்கதானே அந்தக் கூட்டத்துக்கெல்லாம் போனவரு? இந்தப் பன்னிரண்டு மணியை எழுதினது யாருன்னு தெரியுமா உங்களுக்கு? சொல்லுங்க, இன்னிக்கே போயி ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வந்துருவோம்.”

அவர் வாயைத் திறந்தார். அந்த வாயை எனக்குத் தெரியும். மாதக்கணக்காக இந்த ஒரு கேள்விக்காகவே ஏங்கிக் கிடந்த வாய். ஆளோ கைக்கு எட்டுகிற தூரத்தில், பின்னால் கூடத்தில், சோபாவுக்கும் வாசலுக்கும் நடுவே நிற்கிறார். கூட்டமோ தயாராக இருக்கிறது. பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது. பவர்ஹவுஸ் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் மகள் நின்றிருந்தாள். அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

“தெரியும்” என்றார் அவர். நான் வாசற்கதவை மெல்லச் சாத்தினேன். “தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? அந்த மனுஷன் மலிவுன்னு சொன்னாரு. எல்லாத்தையும் ஒரே நொடியில போட்டுத் தொலைங்கன்னு சொன்னாரா? நான் ஏழு போட்டேன். எதிர்வீட்டுக்காரரை மோட்டார்கிட்ட நிறுத்திவெச்சுப் போட்டேன். கூரை மேல கரண்ட் காய்ச்சுத் தொங்குது, அப்பவும் ஆசை விடல. டாக்டர், நீங்க எத்தனை?”

டாக்டர் தொண்டையைச் செருமினார். “நாலு. மாவு பிசையிற மெஷினைச் சேர்த்தா அஞ்சு.”

“நான் துவைக்கிற மெஷின் ஒண்ணுதான்” என்ற பஸ் டிரைவர், மனைவி முறைத்ததும், “தண்ணி மோட்டாரும்” என்றார். மிதி மெஷின்காரம்மா செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். மலிவு நேரம் வீணாகிறதே என்று அவரும் இரண்டு நாள் முன்புதான் மெஷினுக்கு மோட்டார் மாட்டியிருந்தார். தலைக்குத் தலை கணக்குச் சொல்லச் சொல்ல, யாரையோ அடிக்க வந்த கூட்டத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் லைன்மேன் வந்து கம்பத்தில் ஏணியைச் சாய்த்தார். சரியானதும் இந்தக் கோடியிலிருந்து ஒவ்வொரு வீடாகப் போடுவது என்று முடிவாயிற்று. “எங்க வீடு கடைசியில போட்டாப் போதும்” என்று பவர்ஹவுஸ் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். நீங்கள் நம்பவேண்டாம், எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

உள்ளே வந்தபோது கட்டணக்காரர் மறுபடி சோபாவில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் திறந்துதானே இருந்தது, ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருந்தார்.

“எல்லாரும் சராசரியா நடந்துக்குவாங்கன்னு நினைச்சுட்டேன்” என்றார், தரையைப் பார்த்து.

“சராசரி மனுஷன்னு ஒருத்தரை நீங்க எங்கயாவது நேர்ல பாத்திருக்கீங்களா? வீட்டுல என்கிட்ட கேட்டிருக்கலாம்” என்றார் டீச்சர்.

“தெருவுக்குத் தெரு நேரத்தை மாத்தி வெச்சிருக்கணும்” என்று அவர் பவர்ஹவுஸைப் பார்த்தார். “நாளைக்கே ஆபீஸ்ல பேசுறேன்.”

“அந்தக் கம்பி வாடகை?”

“அது இருக்கும்.”

பவர்ஹவுஸ் நீளமாக மூச்சு விட்டார். ஜன்னலுக்கு வெளியே, கொதிக்கிற வெயிலில், லைன்மேன் கம்பத்தின் உச்சியில் இருந்தார். “சரி, இருக்கட்டும்” என்றார். மகள் ஓடிவந்து அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். பையன் இன்னும் வாட்டர் ஹீட்டர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான், யாரும் அவனை அங்கிருந்து வரச் சொல்லவில்லை. வேகாத கேக்கை அண்ணி கிண்ணத்தில் ஊற்றிக் கரண்டியோடு கொடுத்தார். கல்யாணத்தைப் பகலில் வைப்பதா இரவில் வைப்பதா என்று டீச்சர் கேட்டபோது, இரண்டு சம்பந்திகளும் ஒரே குரலில் “பகல்லதான்!” என்றார்கள். அதன்பிறகு அந்த இருவரைப் பிரிக்க முடியவில்லை.

பவர்ஹவுஸ் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனமாவது, திருந்துவதாவது. இப்போது தெருவில் யாராவது மின்கட்டணத்தைப் பற்றி முணுமுணுத்தால் போதும். “யாரைப் பத்திப் பேசுறீங்க? நம்ம சம்பந்தி எழுதினது அது!” என்று செல்போனோடு வந்து நிற்கிறார். எங்கள் தெருவுக்கு மலிவு நேரம் ஒரு மணிக்கு மாறியதும் அவரால்தானாம்.

நமக்கென்ன, நம் கூரையில் தண்ணீர்த் தொட்டியைத் தவிர ஒன்றுமில்லையே என்று நீங்கள் நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். சிரியுங்கள். பலகை இருந்தால்தான் இந்த இனம் என்று யார் சொன்னது? கூட்டம் வருவதற்கு முன்னால் போய்விடலாம் என்று போன வாரம் யாருக்கும் சொல்லாமல் சீக்கிரமே ரேஷன் கடைக்குக் கிளம்பிப் போனீர்களே, அங்கே என்ன பார்த்தீர்கள்? ‘இத்தனை பேரும் ஏன் இப்பவே வந்து தொலைச்சாங்க?’ என்று சலித்துக்கொண்டீர்கள் அல்லவா? வரிசையில் உங்களுக்கு முன்னால் நின்றவர் திரும்பி ஒருமுறை முகத்தைச் சுளித்தாரே, அவரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார், உங்களைப் பார்த்து.